நிறுத்தத்தில் நின்ற கார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு காரின் பின்சீட்டில். காடும் ஆறும் பழைய கிராமங்களுமாக விரிந்து கிடக்கும் ஓர் இயற்கைப் பூங்காவுக்குப் போனவன், பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு கார் வந்து, பேருந்து நிற்கிற அதே இடத்தில் நின்றது. ஏறிக்கொண்டேன். முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர் டவுன் பஸ் டிரைவர், அன்று விடுமுறை. நிறுத்தத்தில் ஆள் நின்றால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறதாம்.

இதுவரை உண்மை. இனி என் கைவரிசை.

2

காடு பச்சைப் பசேலென்று... (வேண்டாம். காடு வேறெப்படி இருக்கும்?)

ஆற்றின் சலசலப்பில் அவள் மனம்... (அவள் மனம் ஆற்றிலா இருந்தது?)

அவள் டீச்சர். இந்தப் பூங்காவுக்குள் இருக்கும் கிராமப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போட்டிருக்கிறார்கள். தினமும் வந்துபோக முடியாத தூரம். காட்டைக் காட்டி, ஆற்றைக் காட்டி, மனிதர் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் அவரைச் சுற்றுலா என்று கிளப்பிக்கொண்டு வந்தாள். பதவியை விட அவளுக்கு மனமில்லை. அவரை விட்டு இருக்கவும் மனமில்லை.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்..."

"இரு, ஆள் நிக்குது."

ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே கதை.

3

(கணவரை முசுடாக எழுதிப் பார்த்தேன். காரில் ஏறுகிறவர்களிடம் "பாத்து, படியில நிக்காதீங்க" என்று சொல்கிற மனிதரை எப்படி முசுடாக்குவது?)

கடைசியாக ஏறியது ஒரு பால்காரம்மா, காலிக் கேனோடு.* ஏறியதும் ஏறாததுமாக,

"அட, டீச்சரம்மா! போன வாரம் ஸ்கூலைப் பாக்க வந்தீங்கல்ல? எப்ப வந்து சேரப்போறீங்க?"

டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். ஆற்றுப் பாலத்தருகே பால்காரம்மாவை இறக்கிவிட்டு டிரைவர் வண்டியை எடுத்தார்.

*நான் முன்பே இறங்கிவிட்டேன். கேனுக்கு இடம் வேண்டுமே.

4

அவர் காரைத் திருப்பிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். அவள் அழுதாள், எனக்குத் தாங்கவில்லை, அந்த முடிவை அடித்துவிட்டேன். இன்னொன்றில், "நீ எங்க இருந்தாலும் நான்..." என்று அவர் வசனம் பேச ஆரம்பித்தார். அவர் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை.

கடைசியில் இப்படி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு நிறுத்தம். ஈ காக்கை இல்லை. ஆனாலும் கார் நின்றது.

"யாருமே இல்லையேங்க?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வர நீ இங்கதானே நிப்ப?"

அவளுக்குக் கண் நிறைந்தது. "கோவமா?"

"பின்ன இருக்காதா? போன வாரமே சொல்லியிருக்கலாம்ல." காலியான சாலையை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, இந்த ரூட்டை யாரு ஓட்டுறது?"

"தெரியலையே..."

எனக்கும் தெரியாது. இந்த ரூட் டிரைவருக்குப் பணி ஓய்வு கொடுத்து இவரை அந்த சீட்டில் உட்கார வைக்க ஒரு வரி போதும், கை துறுதுறுக்கிறது. ஆனால் இந்த இரண்டு பேர்மேலும் எனக்குப் பாசம் வந்துவிட்டது. நான் எழுதினால் நியாயமாக இருக்காது. அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவர் இன்னும் எஞ்சினை அணைக்கவில்லை.