வெடித்த பாட்டிலும் வெடிக்காத பாட்டிலும்

டமார்!

சத்தம் மொட்டை மாடியிலிருந்து வந்தது. மஞ்சக்குப்பமே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். எதிர்வீட்டுக்காரர் கையில் ஒட்டிய சோற்றோடு தெருவுக்கு ஓடி வந்து, "சிலிண்டரா? சிலிண்டரா?" என்று கத்தினார்.

சரியாக அப்போதுதான் ஜான்சியின் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றிருந்தது. சிதம்பரத்திலிருந்து வந்த அபயாம்பாள் ஒரு காலைக் கீழே வைத்திருந்தார். இன்னொரு கால் ஆட்டோவுக்குள்ளேயே இருந்தது. எழுபது வயது, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்தில் அவருடைய ஒரே மகன் சிவசுப்ரமணியன், நாற்பத்து நான்கு வயது பிரம்மச்சாரி, தாயின் முழங்கையைப் பிடித்தபடி மாடியை அண்ணாந்து பார்த்தார்.

சன்ஷேடின் விளிம்பிலிருந்து சிவப்பாக ஏதோ சொட்டியது. முதல் சொட்டு கோலத்தில் விழுந்தது. இரண்டாவது சொட்டோடு வாசனையும் இறங்கி வந்தது. பூண்டு, புளிப்பு, நடுவில் சந்தேகமே இல்லாமல் கருவாடு.

உள்ளே கூடத்தில் பட்டுப் புடவையில் நின்றிருந்த ஜான்சிக்கு அது என்னவென்று ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. மெதுவாக அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அந்த பாட்டில எங்க வெச்சீங்க?"

"மாடியிலதான். ஊறுகாய்தானே, வெயில் பட்டா நல்லதுன்னு..." என்றாள் புஷ்பவள்ளி.

"மூடிய?"

"எறும்பு போவாம இறுக்கி மூடினேன். மேல துணி வேற கட்டினேன்."

ஜான்சி கண்களை மூடிக்கொண்டாள்.

ஜான்சிக்கு முப்பத்தொன்பது வயது. கடலூர்த் தொலைபேசி அலுவலகத்தில் வேலை. அண்ணன் ராபர்ட், அண்ணி புஷ்பவள்ளியோடு ஒரே வீட்டில் இருந்தாள். அலுவலகத்தில் அவளைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "இந்த மாசம் என்ன புதுசு?" என்பதுதான். விழுப்புரத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரோடு அஞ்சலட்டையில் செஸ் ஆடினாள். ஓர் ஆட்டம் முடிய ஒன்றரை வருடம் ஆகும். தன் சைக்கிளைத் தானே கழற்றி மாட்டுவாள். மாட்டிய பிறகு இரண்டு திருகாணி மிஞ்சும், ஆனாலும் சைக்கிள் ஓடும். அமாவாசை தவறாமல் பைனாகுலரோடு மாடியேறுவாள். வியாழன் கிரகத்தின் துணைக்கோள்களைக் காட்டுகிறேன் என்று தெருக் குழந்தைகளை வரிசையில் நிறுத்துவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே பழந்தமிழ்ப் பாட்டு. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில், ஞாயிறு விட்டு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரே பாட்டு. அவரவர் தமக்குத் தோன்றிய அர்த்தத்தைச் சொல்லி முடிக்கும்வரை யாரும் உரையைத் திறக்கக் கூடாது. காதலனைப் பிரிந்த தலைவி உடல் வெளுத்துப் போனாள் என்று ஒரு பாட்டு வந்தது. எல்லோரும் உருகிக்கொண்டிருந்தபோது ஜான்சி சொன்னாள்:

"எனக்கென்னமோ இது ரத்தசோகைன்னு தோணுதுங்க. ஒரு மண்டலம் முருங்கைக்கீரை சாப்பிட்டா, அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த சிவசுப்ரமணியன் அன்று சிரித்த சிரிப்பில் அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அது 2007. அதற்குப் பிறகு அந்த மாடியில் அவருக்குப் பக்கத்து நாற்காலி ஜான்சிக்கென்று ஆனது.

மாடியில் வெடித்த பாட்டிலோடு கொரியா வந்து சேர்ந்த கதை வேறு. சுனாமி முடிந்து ஒரு மாதம் இருக்கும். தேவனாம்பட்டினம் முகாமில் ஜான்சி மாலை நேரங்களில் உதவிக்குப் போனாள். அங்கே நிவாரணத்துக்கு வந்திருந்த கொரிய நர்ஸ் ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது, தன்னிடம் மிச்சமிருந்த ஒரு பாட்டிலை ஜான்சியின் கையில் திணித்துவிட்டுப் போனாள். கிம்ச்சி. கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி எல்லாம் பூசிப் புளிக்கவைப்பது. முதல் வாய்க்கு ஜான்சி முகத்தைச் சுளித்தாள். மூன்றாவது வாய்க்கு, அண்ணன் கண்ணில் படாமல் பாட்டிலை ஒளித்து வைத்தாள்.

நாலைந்து வருடம் கழித்துக் கேபிளில் கொரியச் சேனல் ஒன்று வர ஆரம்பித்தது. அதில் சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துப் பார்த்துத் தானே போடக் கற்றுக்கொண்டாள். அந்த ஊரில் உப்பிட்ட இறால் சேர்ப்பார்கள். இவள் தேவனாம்பட்டினத்தில் விற்ற சென்னாகூனியைப் போட்டாள். பொடி இறால் கருவாடு, அந்த நர்ஸ் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். ஒன்றில் மட்டும் ஜான்சி கறாராக இருந்தாள். புளிக்கும்போது பாட்டிலுக்குள் காற்று சேரும். தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து, அது 'புஸ்' என்று வெளியேறிய பிறகுதான் மறுபடி மூட வேண்டும்.

சிவசுப்ரமணியனுக்கென்று கருவாடு இல்லாமல் தனியாக ஒரு பாட்டில் போட்டுக் கொடுத்தாள். அவருக்கு அது பிடித்துப்போனது. ஆனால் அவர் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது, பூண்டும் வெங்காயமும் வாசற்படி தாண்டாத வீடு. ஆகவே பாட்டில் அவருடைய பீரோவில், உரைநூல்களுக்குப் பின்னால் குடியேறியது.

"தினமும் மூடியத் திறந்து மூடுறீங்கல்ல?" என்று ஜான்சி கேட்டாள்.

"எப்படிங்க முடியும்? வீட்ல அம்மா இருக்காங்களே. சனிக்கிழமை அவுங்க கோயிலுக்குப் போறப்போ மட்டும்தான் தொறப்பேன்."

"ஐயோ! வாரம் பூரா மூடியேவா இருக்கு? தொறக்கறப்போ பயங்கரமா சத்தம் வருமே?"

"ஒரு சத்தமும் வராதுங்க. ரொம்ப சாதுவான பாட்டில்."

ஜான்சிக்கு இது பெரிய கவலையாகப் போயிற்று. சத்தம் வரவில்லை என்றால் சரியாகப் புளிக்கவில்லை. கருவாடு போடாததால் இருக்குமோ என்று அரிசிக் கஞ்சியைக் கொஞ்சம் கூட்டினாள். சர்க்கரை சேர்த்தாள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதே பதில்தான் வந்தது, "சத்தமே இல்லீங்க." ஆனால் அவர் கொண்டுவந்து காட்டியபோது ருசி மட்டும் கச்சிதமாகப் புளித்திருந்தது. ஒரு வருடமாக அவளுக்கு விடை தெரியாத ஒரே கணக்கு அதுதான்.

2011 மார்ச்சில் அவர் வேறொன்றைக் கேட்டார். கடை மாடிப்படியில் இறங்கும்போது, திரும்பிப் பார்க்காமலே கேட்டார். ஜான்சி நான்கு படி இறங்கிய பிறகு பதில் சொன்னாள்.

"எனக்குச் சம்மதங்க. ஆனா ஒண்ணு. உங்க அம்மா முழு மனசா வான்னு சொல்லணும். அவுங்கள அழ வெச்சுட்டு அந்த வீட்ல வந்து நான் ஒக்கார மாட்டேன். வேணாம்னு சொன்னாங்கன்னா, நாம பாட்டு படிக்கறதோட நிறுத்திக்குவோம்."

சிவசுப்ரமணியன் வீட்டில் சொன்னார். வேறு சாதி, வேறு மதம், முப்பத்தொன்பது வயது, எதையும் மறைக்கவில்லை, பீரோவுக்குள் இருந்ததைத் தவிர. அபயாம்பாள் பதினோரு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பன்னிரண்டாம் நாள், "அந்தப் பொண்ண அவ வீட்லயே வந்து பாக்கறேன்" என்றார். நல்ல கத்திரி வெயிலில், மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

அன்று காலை ஆறு மணிக்கே புஷ்பவள்ளி களத்தில் இறங்கினாள்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீ சாதாரண பொம்பளையா இரு, ஜான்சி. வேலைக்குப் போற பொண்ணு, அடக்கமான பொண்ணு. அவுங்களுக்கு அவ்ளோ தெரிஞ்சா போதும்."

"பைனாகுலர் என்ன பண்ணுச்சு அண்ணி?"

"அடுத்த வீட்ட எட்டிப் பாக்கறவன்னு நெனப்பாங்க. எடு அத."

பைனாகுலர் கட்டிலுக்கு அடியில் போனது. செஸ் பலகையும் பாட்டுப் புத்தகங்களும் அதன் பின்னால் போயின. ஸ்பானர்களை ராபர்ட் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். ஜான்சி எதற்கும் சண்டை போடவில்லை. அதைப் பார்த்துத்தான் அண்ணன் பயந்துபோனான். தன்னைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் கவலைப்படாதவள், அன்று காலை மூன்று முறை புடவை மாற்றினாள். கடைசியாகச் சமையலறைக்குள் நுழைந்த புஷ்பவள்ளி, அலமாரியிலிருந்த கிம்ச்சி பாட்டிலைப் பார்த்தாள். மூடி தளர்ந்திருந்தது. கருவாடு போட்ட பாட்டில். அவள் தாய்வீட்டில் எந்த ஊறுகாய்க்கும் ஒரே வைத்தியம்தான்...

"வாங்க மாப்ள!" என்று வாசலில் ராபர்ட்டின் குரல் கேட்டது. பதற்றத்தில் அவசரப்பட்டுவிட்டான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்க சார், வாங்கம்மா" என்று திருத்தினான்.

அபயாம்பாள் சொட்டுகளை மிதிக்காமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"மேல என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்கம்மா," புஷ்பவள்ளி முந்திக்கொண்டாள். "மாங்கா ஊறுகா. வெயில் ஜாஸ்தி, பாட்டில் தாங்கல."

"மாங்காயில இந்த வாசம் வராதே."

ஜான்சி சிவசுப்ரமணியனைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆமாம்மா, மாங்காதான்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இந்த வீட்டைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போய்விடலாம். அப்புறம் வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்க வேண்டும்.

"மாங்கா இல்லம்மா," என்றாள். "கிம்ச்சின்னு ஒண்ணு. கொரியாக்காரங்க சாப்புடறது. நான்தான் போட்டேன். அதுல பூண்டு இருக்கு, கருவாடும் இருக்கு. நான் இதெல்லாம் சாப்புடுவேம்மா. அமாவாசையானா மாடியில நின்னு நட்சத்திரம் பாப்பேன். சைக்கிள் ரிப்பேர் பண்ணுவேன். விழுப்புரத்துல ஒருத்தர் கூட கார்டு போட்டு செஸ் ஆடறேன், இப்ப தோக்கற மாதிரி இருக்கேன். உங்க கிட்ட காட்டக் கூடாதுன்னு எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருக்கோம். பாக்கணும்னா எடுத்துக் காட்டறேன்."

புஷ்பவள்ளி தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டாள்.

அபயாம்பாள் ஜான்சியின் முகத்தையே பார்த்தார். "கொரியா எங்க இருக்கு?"

"ஜப்பானுக்குப் பக்கத்துலம்மா."

"அவ்ளோ தூரமா?" மகனை ஒரு பார்வை பார்த்தார். "என் பையனுக்கும் இதக் குடுத்திருக்கியா?"

ஜான்சி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அவரைக் காட்டிக் கொடுத்தது போலாகும். பொய்யோ, இப்போதுதான் அதிலிருந்து வெளியே வந்திருக்கிறாள்.

"குடுத்தாங்கம்மா." சிவசுப்ரமணியன் செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார். நிமிர்ந்து நின்றுவிட்டார். "அவுங்க மேல தப்பு இல்ல. எனக்குன்னு கருவாடு இல்லாம போட்டுக் குடுத்தாங்க. பூண்டு உண்டு. ஒரு வருஷமா நம்ம வீட்ல, என் பீரோவுல, புஸ்தகத்துக்குப் பின்னால வெச்சிருக்கேன். நீங்க கோயிலுக்குப் போறப்போ சாப்புடறேன். சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

அபயாம்பாள் வாழைப்பழச் சீப்பை மேசை மேல் வைத்தார். "மாடிக்கு வழி எது?" என்று ஜான்சியைக் கேட்டார்.

"அம்மா, மேல கண்ணாடியா கெடக்கும். வெயில் வேற..."

"செருப்பு போட்டுக்கறேன். நீ முன்னால போ."

ஜான்சி முன்னால் போனாள். அபயாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பின்னால் சிவசுப்ரமணியன், அவருக்கும் பின்னால் ராபர்ட்டும் புஷ்பவள்ளியும். மேலே வெயில் கண்ணைக் குத்தியது. கைப்பிடிச் சுவர் முழுக்கச் சிவப்பு தெறித்திருந்தது. துணி காயும் கொடியில் கோஸ் துண்டு ஒன்று தொங்கியது. இரண்டு காக்கைகள் தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தன.

அபயாம்பாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தார். பாட்டிலின் கழுத்து மட்டும் தனியாக உடைந்து கிடந்தது. மூடி இன்னும் அதன் மேல் இறுகத் திருகியபடியே இருந்தது. புடவைத் தலைப்பால் பிடித்து அதை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, இவ்ளோ இறுக்கியா மூடுவாங்க?" என்றார் அபயாம்பாள். "எங்க வீட்டு பாட்டில தெனமும் விடியக்காலம், நான் குளிக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ தொறந்து காத்து போகவிட்டுட்டு இல்ல மூடறேன்!"