இடது ஓரத்து வெளிச்சம்

பஸ் டிப்போவில் அவளுக்கு வைத்த பெயர் பொத்தான் பொண்ணு. உளவியல் ஹானர்ஸ், கடைசி வருடம். வண்டி ஓட்டுகிறவர்களின் கவனம் ஷிப்ட் முடியும்போது எவ்வளவு தளர்ந்துபோகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. பழைய டயர்களை வெளியே உருட்டிவிட்டு, ஓய்வறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, அகலமான திரை, நீளமான ஒயரில் ஒரு பொத்தான். திரையின் நடுவிலுள்ள கறுப்புப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எந்த ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அமுக்க வேண்டும். அவளுக்கு நாற்பது பேர் தேவை.

முதல் வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆள் பிடித்துக் கொடுத்தவர் டிரைவர் சித்தப்பாதான். அங்கே அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை, ஆனாலும் மேனேஜர் முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"படிக்கிற பொண்ணு கேக்குது. பொத்தான் அமுக்கினா விரல் தேஞ்சா போயிடும்?" என்று அதட்டியே பதினாறு பேரை அனுப்பிவைத்தார். பதினேழாவதாக அவரே வந்து உட்கார்ந்தார்.

வலப்பக்கம் மின்னியதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. இடது ஓரத்தில் பன்னிரண்டு முறை மின்னியது. ஒருமுறைகூட அமுக்கவில்லை.

திரையில்தான் கோளாறு என்று நினைத்து அவளே உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள், "சித்தப்பா, இன்னொரு தடவை செய்யலாமா?" என்று கேட்டாள். திரும்பவும் அதே பன்னிரண்டையும் விட்டார். பரீட்சையில் பாஸான பையனைப் போல அவர் சிரித்தபடி எழுந்து போனார். அவர் ஓட்டுவது மூன்று பள்ளிக்கூடங்களைத் தாண்டிப் போகும் வண்டி.

வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருந்தாள். உங்கள் முடிவுகள் நிர்வாகத்துக்குப் போகாது என்று அதில் தெளிவாகவே இருந்தது.

ஆய்வு வழிகாட்டி மேடம் எண்களை இரண்டு முறை பார்த்தார். "நீ டாக்டர் இல்ல. என்ன வியாதின்னு வாயைத் திறக்காத. பார்த்ததை மட்டும் சொல்லு, அவர்கிட்ட மட்டும். இன்னைக்கே."

"கேக்கலைன்னா மேடம்?"

"காலேஜ் நெறிமுறைக் குழுகிட்ட போவோம். முதல்ல நீ அவரைப் போய்ப் பாரு."

மதிய ஷிப்டுக்கு முன்னால் ஓய்வறையில் அவரைப் பிடித்தாள். இடது ஓரத்து வெளிச்சம் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை என்று சொன்னாள். கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன். வண்டியில ஒரு கீறல் உண்டா? கேட்டுப் பாரு!"

"அந்தக் கடிகாரத்தையே பாருங்க சித்தப்பா. கண்ணைத் திருப்பாதீங்க." மேஜை மேல் அவர் கழற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்து அவருடைய இடப்பக்கமாக நீட்டினாள். "என் கையில என்ன இருக்கு?"

"எந்தக் கையில? கையை நீட்டவே இல்லையே நீ."

தொப்பியை மெல்ல நடுப்பக்கமாக நகர்த்தினாள். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்தபிறகுதான் அவர் திடுக்கிட்டார்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடுவியா?"

"மாட்டேன். எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அப்ப சரி." தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். என்ன சொல்லித் தடுப்பதென்று தெரியவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். தலையை முழுக்கத் திருப்பி மறுபடியும் பார்த்தார். அப்புறம் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, அவளைக் கண்டுகொள்ளாமல் நேராக அலுவலகத்துக்குப் போய், உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறி நரம்பு பாழாகியிருக்கிறது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். டாக்டர் எழுதிய சீட்டை நிர்வாகத்திடம் சித்தப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார். வண்டியிலிருந்து இறக்கி, நேர அட்டவணை போடும் அறையில் உட்கார வைத்தார்கள்.

செய்தி டிப்போ முழுக்கப் பரவியது. "பொத்தானை அமுக்கினா டிரைவர் சீட்டு காலி" என்றார்கள். அதற்குப்பிறகு அவளைக் கண்டாலே ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள். மூன்று வாரம் நாற்காலியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். இருபத்திரண்டு பேரோடு ஆய்வு நின்றுபோனது.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர், "இவ்வளவு குறைந்த பேரை வைத்து என்ன முடிவு சொல்ல முடியும்?" என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது சார்" என்றாள். ஆட்கள் ஏன் வரவில்லை என்பதையும், சித்தப்பா யார் என்று தெரியாதபடி, ஒளிக்காமல் சொன்னாள். முதல் வகுப்பு வரும் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது இரண்டாம் வகுப்பு. "அந்த டிரைவர்கிட்ட வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று அம்மா கேட்டாள்.

மாதக் கடைசியில் சித்தப்பா போன் செய்தார்.

"சொட்டு மருந்து போட்டுக்கிட்டிருக்கேன். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திடலாங்கிறாங்க."

"நல்லது சித்தப்பா."

"உம்மேல கோவம் இன்னும் போகலை, தெரிஞ்சுக்கோ. நாள் பூரா ஒரே நாற்காலியில உட்கார முடியலை."

"தெரியும் சித்தப்பா."

"கூடப் பொறந்ததால எங்க அண்ணனுக்கும் இப்படி வரலாமாம், டாக்டர் சொன்னாரு. நான் சொன்னா அவன் நம்ப மாட்டேங்கிறான். நீ வந்து அந்தத் தொப்பி வித்தையை ஒரு தடவை காட்டேன்."

சனிக்கிழமை வருவதாகச் சொல்லி, விலாசத்தை எழுதிக்கொண்டாள்.