ஏழாம் எண் கதையின் முடிவு

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு போட்டி உண்டு. நூறு சொல்லுக்குள் ஒரு கதை. அதில் நடக்கவே முடியாத ஒன்று நடந்தாக வேண்டும். பரிசெல்லாம் கிடையாது. ஜெயித்தவருக்கு அடுத்த மாதம் நாற்காலி அடுக்கும் வேலையிலிருந்து விடுதலை, அவ்வளவுதான். கதைக்கு எண் மட்டும்தான், பெயர் இல்லை. ஆனால் கருத்து எழுதுகிறவர் கீழே பெயர் போட்டாக வேண்டும். இது நூலகர் அம்மா வைத்த சட்டம். "கதை எழுதறவங்க ஒளிஞ்சுக்கலாம். குறை சொல்றவங்க ஒளியக் கூடாது" என்பார்.

எனக்கு ஒளிகிற பழக்கமே இல்லை. கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக "இது தெரியுதா, இப்போ தெரியுதா" என்று கேட்டுக் கேட்டு, தெரியாததைத் தெரிகிறது என்று சொல்பவர்களைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. கருத்துத் தாளிலும் அதே ஆள்தான். என் கையெழுத்தைப் பார்த்தாலே வட்டத்தில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும் என்று கேள்வி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, மறைப்பானேன்.

இந்த மாதம் ஏழாம் எண் கதை. ஒருத்தியின் கணவனுக்கு நாளுக்கு நாள் எடை குறைகிறது. காற்று அடித்துக்கொண்டு போய்விடாமலிருக்க, அவள் அவன் சட்டைப் பையில் கூழாங்கற்களைப் போடுகிறாள். கல்லும் போதாத நாளில் அவன், "ஜன்னலைச் சாத்து" என்கிறான். அவள் சாத்துகிறாள். கதை முடிந்தது.

கனம், வெறுமை என்று வாய் ஓயாமல் பேசுபவர் வட்டத்தில் ஒருவர்தான். வங்கியில் வேலை பார்ப்பவர், 'தத்துவம்' என்பது நாங்கள் வைத்த பெயர். போன மாதம் என் கதைக்கு "நல்ல முயற்சி" என்று இரண்டே சொல் எழுதிய மகானுபாவர். இது அவர் கதைதான், வா மகனே வா என்று பேனாவைத் திறந்தேன்.

"தொடக்கம் அருமை. முடிவில் துணிச்சல் இல்லை. எழுதியவருக்கே தன் கதையைப் பார்க்கப் பயம். எடை போனவன் எத்தனை நாள் அறைக்குள் இருப்பான்? ஜன்னலைத் திறந்து அவனைப் போக விடுங்கள்."

கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, புதன்கிழமை நூலகர் அம்மாவிடம் கொடுத்தேன். சனிக்கிழமை கூட்டத்தில்தான் தாள்கள் எழுதியவர் கைக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை மதியம், கடைச் சீருடையின் கை பிரிந்துவிட்டதென்று தையல்கார அக்காவிடம் போனேன். அவளும் எங்கள் வட்டம்தான். வீட்டின் முன்னறைதான் கடை, நடுவில் ஒரு திரை. அவளுடைய வீட்டுக்காரர் முன்பெல்லாம் அவளோடு கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். நான்கு மாதமாகக் காணோம். கேட்டால், வேலை என்பாள்.

வெயில் கொளுத்துகிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறது.

"என்னக்கா, புழுங்குது. திறக்கட்டுமா?"

"வேணாம்மா. அவருக்குக் காத்து ஒத்துக்கலை."

மெஷின் மேல் ஆண்கள் கால்சட்டை ஒன்று கிடந்தது. இடுப்பில் பழைய தையல் பிரித்த ஓட்டைகள் வரிவரியாகத் தெரிந்தன. மூன்று முறை இடுப்பைப் பிடித்துச் சிறிதாக்கியிருக்கிறாள். இப்போது நான்காவது.

ஏழாம் எண் கதை யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. கண் டாக்டரிடம் போக வேண்டியவள் நான்தான். சீருடையை அங்கேயே போட்டுவிட்டு, "இதோ வந்துடறேன்க்கா" என்று நூலகத்துக்குக் கிளம்பினேன். நடையா ஓட்டமா என்று எனக்கே தெரியாது. சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தத் தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிடக்கூடத் தயாராக இருந்தேன்.

"ஏழாம் நம்பரா?" நூலகர் அம்மா தாள்கள் வைத்திருந்த கவரைத் துழாவவேயில்லை. "அவங்க நாளைக்கு வர முடியாதுன்னு நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாங்களே. ஏன், எதுவும் விட்டுப் போச்சா?"

விட்டுப் போகவில்லை, அதுதான் பிரச்சினை. அப்படியானால் நான் தையல் கடைக்குள் நுழைந்தபோதே அக்கா அதைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, "வாம்மா, உக்காரு" என்றிருக்கிறாள்.

திரும்பிப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். சீருடை அங்கே இருக்கிறது என்பதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டு போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அக்கா எழுந்து, என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மெதுவாப் பேசு. உள்ள கேக்கும்."

"அக்கா, சத்தியமா அது நீங்கன்னு தெரியாது. தத்துவம்னு நெனச்சு..."

"தெரிஞ்சிருந்தா பொய் எழுதியிருப்பே." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மத்த எல்லாரும் சூப்பர், மனசத் தொட்டுடுச்சுன்னு எழுதியிருக்காங்க. நீ சொன்ன மாதிரிதான் நானும் மொதல்ல எழுதினேன். ஜன்னலத் திறந்து, அவன் போற மாதிரி. அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். அப்புறம், 'இந்த முடிவ மாத்திடேன்'னார். மாத்திட்டேன்."

அழுகை வந்தது. அவள் எதிரில் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

"உன் தாள அவருக்குக் காட்டலை. இன்னும் வரலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல், ஆனால் உற்சாகம்.

"யாரு, கண்ணாடிக் கடைப் பொண்ணா? இவ கதைக்கு என்ன எழுதினே? உன்கிட்ட பாஸானாதான் பாஸ்னு இவ சொல்லுவா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் உள்ளே போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நல்லா இருக்குண்ணா. முடிவ மட்டும் யார் சொன்னாலும் மாத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்."

"பாத்தியா!" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று. "ஜன்னல் சாத்தியே இருக்கட்டும்னு நானும் அதையேதான் சொன்னேன். இவதான் மொதல்ல வேற மாதிரி எழுதி வெச்சிருந்தா."

அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து கால்சட்டையை எடுத்தாள். "நாளைக்கு நூலகத்துக்குப் போறப்ப, இப்ப சொன்னத வேற தாள்ல எழுதி என்கிட்ட கொடுத்துடு" என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில். "அவர் கேட்டா காட்டணும்."