நத்தையை முதலில் தின்றவர்

கேர்ஸ்டன் ரீச்சர் எழுந்து யன்னல் திரைகளை இழுத்து மூடினார். டென்மார்க்கில், பெப்ரவரி மாதத்துப் பிரெடெரிசியா நகரில், பிற்பகல் இரண்டரை மணிக்கு, அதற்குப் பெரிய அவசியம் இருக்கவில்லை. வெளியே கிடந்த வெளிச்சம் ஒரு தீக்குச்சிக்குக்கூடப் போட்டியாக வராது. மேசைமேல் ஸ்லைட் மெஷின் உறுமத் தொடங்கியது. சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் விழுந்தது. கடைசி வாங்கில், சுடுதண்ணீர்க் குழாயோடு முதுகை ஒட்டிவைத்துக்கொண்டிருந்த லோரன்ஸ் தன் கம்பளித் தொப்பியைப் புருவத்துக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வகுப்புக்குள் தொப்பி போடக்கூடாது என்பது ரீச்சரின் சட்டம். இன்றைக்குச் சட்டத்தை மீறுவதென்று அவர் காலையிலேயே தீர்மானித்திருந்தார்.

அகதி முகாமிலிருந்து நடந்து வந்து டெனிஸ் மொழி படிக்கும் பதினொரு பேர் அந்த வகுப்பில். போன வியாழக்கிழமை ரீச்சர் அறிவித்திருந்தார்: அடுத்த கிழமை இலக்கணம் இல்லை. மொரோக்கோவில் ஃபெஸ் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. அங்கே ஒரு வழிகாட்டியின் பின்னால் சந்து சந்தாக நடந்து, நின்ற இடமெல்லாம் தெருச் சாப்பாடு சாப்பிட்டேன். அந்தப் படங்களைக் காட்டுகிறேன், நீங்கள் பார்ப்பதை டெனிஸில் சொல்லுங்கள். இலக்கணம் இல்லை என்றதும் வகுப்பே மலர்ந்தது. லோரன்ஸ் மட்டும் கையை உயர்த்தி, எந்த வருஷம் என்று கேட்டார். எண்பத்துநாலு ஒக்டோபர், ஏன்? சும்மா என்றார் லோரன்ஸ்.

லோரன்ஸ் மன்னாரில் பேசாலைக்காரர். முகாமில் அவருக்கு இருந்த பெயர் புளுகர். ஊரில் அவர் வளர்த்த சேவல் தலைமன்னார்க் கப்பல் வரும் நேரத்துக்குத்தான் கூவுமாம். கப்பல் நின்றுபோன பிறகும் அதே நேரத்துக்கு எழும்பி நிற்குமாம், கூவாதாம், மரியாதைக்காக. அவர் வளவில் வீடுபோலப் பருத்து நின்ற பெருக்கமரத்துக்குள் மாமனார் குடும்பம் வந்தால் தங்குவதற்கு இரண்டு அறை இருந்ததாம், மேல் அறைக்குக் காற்று நல்லமாம். கோயில் திருநாளுக்குக் கடற்பசு ஒன்று வந்து, பெண்கள் நிற்கிற பக்கமாகப் பார்த்து ஒதுங்கி நின்றதாம். இவற்றையெல்லாம் அவர் பஸ் நேரம் வாசிக்கிறவர்போலச் சொல்வார். சிரிக்க மாட்டார். சிரிக்கிறவர்களைச் சற்று வருத்தத்தோடு பார்ப்பார்.

இத்தனை கதை சொன்ன மனிதர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது ஒரே ஒரு கதைதான். அதில் இருந்த ஒரே குறை, அது உண்மை.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ற் அவரை மொரோக்கோவின் காசாபிளாங்காவில் இறக்கி, ஒரு நாள் நில்லும், நாளைக்கு ஸ்பெயின் என்று சொல்லிவிட்டுக் கடவுச்சீட்டோடு போனான். அந்த ஒரு நாள் பதினொரு மாதம் நீண்டது. கூலிவேலை தேடித்தேடி அவர் ஃபெஸ்வரை போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு காலை, தோல் மூட்டை சுமந்த கழுதை ஒன்று சந்துக்குள் குறுக்கே நின்றுவிட்டது. வெள்ளைக்காரர் பத்துப் பேர் சுவரில் ஒட்டிய பல்லிகளாக நின்றார்கள். அவர்களைக் கூட்டிவந்த வழிகாட்டி இத்ரிஸ் கத்தினான், கழுதைக்காரன் அடித்தான், கழுதை கேட்கவில்லை. லோரன்ஸ் பிறந்து வளர்ந்த மன்னாரிலோ கழுதைகள் தெருவுக்குச் சொந்தக்காரர்கள். மனிதர்தான் வழி கேட்டுப் போகவேண்டும். அவர் போய்க் கழுதையின் காதடியில் உள்ளங்கையை வைத்து, பேசாலைத் தமிழில் இரண்டு வார்த்தை சொன்னார். கழுதை நாலடி பின்னால் போனது. அன்றிலிருந்து அவருக்கு இத்ரிசிடம் வேலை. நடைக்கூட்டத்தின் கடைசியில் வந்து ஆள் தொலையாமல் பார்த்துக்கொள்வது, கழுதைகளோடு கதைப்பது, நத்தை அவித்து விற்கிற வண்டியடியில் எல்லோருக்கும் முன்னால் முதல் நத்தையைத் தின்று காட்டுவது.

டென்மார்க்கில் பொலிஸாருக்கு அவர் சொன்னது வேறு. கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின், பிறகு ரயில். எல்லோரும் சொன்ன பாதை. வேறொரு நாட்டில் மாதக்கணக்காய் இருந்தவனை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முகாமில் சட்டம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சட்டத்தை யாரும் வாசித்ததில்லை. ஆனால் மனைவி எமிலியாவும் மகளும் மன்னாரில் கோயில் வளவொன்றில் இருந்தார்கள். இவருக்குக் காகிதம் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். பந்தயம் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. இரண்டாவது விசாரணை வருகிற செவ்வாய்க்கிழமை.

விசாரணையில் மொழிபெயர்க்கிற ஜெபரட்ணம் இப்போது ஸ்லைட் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமைகளில் ரீச்சருக்கு உதவியாக வகுப்புக்கும் அவர்தான் வருவார். பெந்தெகொஸ்தேக்காரர். பொய் சொல்ல மாட்டார், பொய்யைக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். லோரன்சின் முதல் விசாரணையில் மூன்று தரம் துடைத்தவர்.

கிளக். நீல ஓடு பதித்த வாசல்.

"வாசல்" என்றது வகுப்பு. "பெரிய வாசல்" என்றான் முன்வாங்கில் இருந்த யோகராஜா, கெட்டிக்காரனாக.

கிளக். எண்ணெய்ச் சட்டியில் மிதக்கும் வளைய ரொட்டி. கிளக். அவரைவிதைக் கஞ்சி, மேலே ஒலிவ் எண்ணெயும் சீரகத்தூளும். லோரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் பலன் இல்லை. நடையின் ஒவ்வொரு நிறுத்தமும் அவருக்குக் கால்பாடம். கஞ்சிக்கடைக்குப் பிறகு இடப்பக்கம் திரும்பினால் உருளைக்கிழங்குப் பொரியல். அதைத் தாண்டினால் பித்தளைத் தட்டு அடிக்கிற சந்து, அங்கே சாப்பாடு இல்லை, சத்தம் மட்டும். அது முடிந்ததும் சின்னச் சதுக்கம், அதில் நத்தை வண்டி. கிளக். உருளைக்கிழங்கு. அந்தப் படத்தின் ஓரத்தில் மஞ்சள் மழைக்கோட்டோடு ரீச்சர், கையில் பொரியல், வாய் நிறையச் சிரிப்பு. லோரன்ஸ் கண்ணைத் திறந்த நேரம் அதுதான். அந்த மழைக்கோட்டை அவருக்குத் தெரியும். ஆறு மாதமாக இந்த முகத்தின் முன்னால் உட்கார்ந்து வினைச்சொல் படித்தும் அடையாளம் தெரியவில்லை. வெள்ளைக்காரர் எல்லோரும் அவருக்கு ஒரே முகம். தானும் அவர்களுக்கு அப்படித்தான் இருப்பேன் என்ற நம்பிக்கையில் ஒரு கிழமையைக் கடத்தியிருந்தார்.

கிளக். பித்தளைச் சந்து.

கிளக்.

சுவர் நிறைய லோரன்ஸ் நின்றார். தலைமூடி வைத்துத் தைத்த பழுப்பு அங்கி, மூடி பின்னால் விழுந்திருந்தது. பாதி நரைத்த இடது புருவம், முன்பல்லில் ஒரு இடைவெளி. ஊசி நுனியில் சுருண்ட நத்தையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவர்போல நின்றார்.

ஜெபரட்ணம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்த்தார். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

ஓடலாம். கதவு பக்கத்தில்தான். ஆனால் ஓடினால்தான் அது இவர் என்று எல்லோரும் நம்புவார்கள். லோரன்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், தலைமயிரை ஒருமுறை தடவிச் சரிசெய்தார். பஸ் நேரம் வாசிக்கிற குரலில் சொன்னார்:

"அது நான்தான்."

யோகராஜா மேசையில் அடித்துச் சிரித்தான். "அண்ணை, சந்திரனிலை கொடி நட்டதும் நீங்கள்தானே? அதையும் இண்டைக்கே சொல்லி முடியுங்கோ."

"பொறு தம்பி. இதை முதல்லை சொல்லுறன்."

வகுப்பு வாங்குகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டது. ரீச்சர், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஜெபரட்ணம் தொண்டையைச் செருமி, வழக்கம்போல ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் டெனிஸில் சொல்லத் தொடங்கினார்.

லோரன்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். காசாபிளாங்காவில் ஒரு நாள் பதினொரு மாதமானதைச் சொன்னார், சிரித்தார்கள். பேசாலைத் தமிழ் விளங்கிய மொரோக்கோக் கழுதையைச் சொன்னார்; ஒருவன் கண்ணீரைத் துடைத்தான். ஒட்டக மண்ணீரலுக்குள் இறைச்சி அடைத்துப் பாண் போலச் சுட்டு, வெட்டித் தருவார்கள் என்றார். "ஐயோ அண்ணை, போதும்" என்று யோகராஜா வயிற்றைப் பிடித்தான். வெள்ளைக்காரர் பயப்படாமல் சாப்பிடுவதற்காக முதல் நத்தையைத் தின்பதே தன் உத்தியோகம் என்றார். ஒரு நாளைக்கு ஒரு நத்தை, வெள்ளிக்கிழமை லீவு. உண்மையை இவ்வளவு நேரம் தொடர்ந்து சொல்வது அவருக்குப் பழக்கம் இல்லை. நெஞ்சுக்குள் ஒன்றரை வருஷமாக அடுக்கியிருந்த மூட்டைகளை யாரோ ஒவ்வொன்றாக இறக்கிவைப்பதுபோல இருந்தது. எந்த மூட்டை கனமோ அதற்குத்தான் வகுப்பு அதிகம் சிரித்தது.

நல்ல கதைகாரன் நிறுத்தவேண்டிய இடம் அதுதான். ஆனால் சுகம் கண்ட வாய் நிற்கவில்லை.

"இந்த மஞ்சள் கோட்டுக்கார மனுசி," என்றார், "நத்தை வண்டிக்குப் பிறகு சேத்துக்கை புதைஞ்ச வலது காலை உதறி இழுத்தா, சப்பாத்து கழண்டு பறந்திட்டுது. அது போய் விழுந்தது, போய்க்கொண்டிருந்த ஒரு கழுதையின்ரை கூடைக்குள்ளை. நான் புதினாக் கட்டுகளுக்கை கையை விட்டு எடுத்துக்கொண்டு வர, ஆள் ஒற்றைக் காலிலை சுவரைப் பிடிச்சபடி அழுகிறா. சப்பாத்துக்காக இல்லை. தாய் செத்து ஒரு மாசமாம்."

ஜெபரட்ணம் அதையும் டெனிஸில் சொன்னார். கடைசி வசனத்துக்கு வந்தபோது அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது. ரீச்சரின் விரல் மெஷினின் பொத்தான்மேல் நின்றுவிட்டது. எந்தப் படத்திலும் ஒற்றைச் சப்பாத்து இல்லை. வகுப்பு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை.

எமிலியாவின் கடைசிக் கடிதம் லோரன்சின் சட்டைப் பைக்குள் கிடந்தது. மகளின் கால் அளவைக் கீறி அனுப்பியிருந்தாள், அங்கே குளிருக்குச் சப்பாத்து வேண்டுமே என்று. அந்தத் தாள் நெஞ்சில் சுட்டது.

கிளக். தேத்தண்ணிக் கிளாஸ், அதற்குள் புதினா இலை.

"தேநீர்," என்றார் ரீச்சர். "இது என்ன நிறம்? யார் சொல்வது?"

பச்சை என்றது வகுப்பு.

நாலு மணிக்கு எல்லோரும் கலைந்தார்கள். வயரைச் சுற்ற உதவும்படி ரீச்சர் லோரன்சைக் கேட்டுக்கொண்டார். ஜெபரட்ணம் வாசலில் நின்று, அவசரம் இல்லாமல் கையுறையின் ஒவ்வொரு விரலாகப் போட்டுக்கொண்டிருந்தார். லோரன்ஸ் வயரைச் சுற்றினார். சுற்றி முடித்து, அவிழ்த்து, மறுபடி சுற்றினார்.

ரீச்சர் ஸ்லைட் தட்டிலிருந்து ஒன்றை உருவி எடுத்து லோரன்சிடம் நீட்டினார். வகுப்பில் பேசுவதுபோல மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினார். "இந்தப் படம் சரியாக வரவில்லை. எனக்குத் தேவையில்லை."

அது எவ்வளவு சரியாக வந்த படம் என்று சுவர் நிறையப் பார்த்தவர் லோரன்ஸ். "தக்," என்றார். நன்றி சொல்லும் சொல் அது, அந்த நாட்டில் அவர் முதலில் கற்றது; இவ்வளவு நாளும் கடைக்காரர்களுக்குத்தான் சொல்லியிருந்தார்.

"அந்தச் சப்பாத்து இன்னும் என்னிடம் இருக்கிறது," என்றார் ரீச்சர். "கொஞ்சம் புதினா வாசம்." பிறகு திரையை விலக்கப் போனவர், முதுகைக் காட்டியபடி சொன்னார்: "வகுப்பில் தொப்பி போடக்கூடாது, லோரன்ஸ். அடுத்த வியாழன் ஞாபகம் இருக்கட்டும்."

அடுத்த வியாழன். செவ்வாய்க்குப் பிறகும் வியாழன் ஒன்று வருமென்று ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லக் கேட்ட லோரன்ஸ் வாசல்வரை தொப்பியைக் கையிலேயே கொண்டுபோனார்.

வெளியே பனி மிதிபட்டு உறைந்திருந்தது. பழைய கோட்டை மண்மேட்டின் ஓரமாக இருவரும் நடந்தார்கள். ஜெபரட்ணம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணி," என்றார் ஜெபரட்ணம்.

"ஓம் அண்ணை."

"நீர் அங்கை சொல்லுறதை நான் டெனிஸிலை சொல்லுவன். நீர் சொல்லாததைச் சொல்லுறதுக்கு என்னை அவை கூப்பிடேல்லை."

"ஓம்."

"இண்டைக்கு நீர் சொன்னதும் சொல்லியாச்சு. சனம் சிரிச்சது. அதோடை அந்த வேலை முடிஞ்சுது."

இன்னும் இருபது அடி. லோரன்ஸ் மூச்சை வெளியே விட்டார்; அது வெண்மையாக, ஒரு சின்ன ஆட்டுக்குட்டி அளவுக்கு, அவருக்கு முன்னால் போனது. ஜெபரட்ணம் சைக்கிளை நிறுத்தினார்.

"ஒண்டு கேக்கிறன். கோவிக்காதையும்."

"கேளுங்கோ."

"அந்த நத்தை என்ன ருசி?"

லோரன்சின் நாவில் மூன்று பொய் வந்து வரிசையில் நின்றன. மூன்றும் அருமையானவை. அவர் மூன்றையும் திருப்பி அனுப்பினார்.

"எங்கடை கடல் மட்டி மாதிரித்தான் அண்ணை. சாறு மட்டும் ஓமத்தண்ணி மாதிரி."

"சும்மா புளுகாதையும்," என்றார் ஜெபரட்ணம். ஆனால் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

மூன்று கிழமையாகக் காணாமல் போயிருந்த சூரியன் மண்மேட்டுக்கு மேலே, வெள்ளி முலாம் கழன்ற காசைப்போல, கொஞ்சம் எட்டிப் பார்த்தது. லோரன்ஸ் கையுறையைக் கழற்றி, ஸ்லைட்டை விரல் நுனியில் பிடித்து அதற்கு நேரே உயர்த்தினார். ஜெபரட்ணமும் சைக்கிளைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, தலையை அவர் தலையோடு ஒட்டிக் கொண்டுவந்தார். நகத்தளவு வெளிச்சத்துக்குள் பழுப்பு அங்கிக்காரர் ஒருவர், எல்லோருக்கும் முன்னால், ஊசியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.