அரை நிமிடம் கூடுதலாக நிற்கும் பேருந்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடையில், முகவாயை இயந்திரத்தின் மேல் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, அசையக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தபோது கேட்ட கதை இது. சொன்னவள் கண் சோதிக்கிற பெண். பகலில் பேருந்து டெப்போவில் வேலை, மாலையில் அந்தக் கடையில். யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் என்ற நிலையில் இருந்தாள். "இதைப் போய் எழுதிடாதீங்க சார்" என்றாள். "சேச்சே, நானா?" என்றேன். வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

"டெப்போவின் மருத்துவ அறையில் ஒன்பது வருடமாகத் தொங்கிய எழுத்துப் பலகை, ஊமைச் சாட்சியாக எல்லாவற்றையும்—"

வேண்டாம். பலகை பலகைதான், அதற்கு ஒரு மண்ணும் தெரியாது.

"தன் உடம்பின் மேல் ஒரு மனிதனுக்கு இருக்கும் உரிமை எந்த இடத்தில் முடிகிறது என்பது—"

இது கட்டுரை. இந்நேரம் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். பேசாமல் ஆட்களைக் கொண்டுவந்துவிடுகிறேன்.

3

டெப்போ மருத்துவ அறையில் ஓட்டுநர்களின் கண்ணைச் சோதிக்கும் அவளுக்கு டார்ச்சக்கா என்று பெயர். வருகிறவன் போகிறவன் கண்ணிலெல்லாம் வெளிச்சம் அடிப்பதால் வந்த பெயர். ஓட்டுநரின் பெயர் ஹாரன். இருபத்தாறு வருட வேலையில் அநாவசியமாக ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காத மனுஷன், அதனால் ஹாரன். (டெப்போக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ்.)

டார்ச்சக்கா தினமும் வேலைக்கு வருவது ஹாரனின் பேருந்தில்தான். நாலு வருடப் பழக்கம். அவள் மூச்சிரைக்க ஓடிவரும் நாட்களில் வண்டி அரை நிமிடம் கூடுதலாக நிற்கும். நமக்காக நிற்கிறார் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. "உங்களுக்குத்தான் என் அருமை தெரியல, டிரைவர் அண்ணனுக்குத் தெரியுது" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

(இந்த அரை நிமிடத்தை எங்காவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்பேன்.)

4

வருடத்துக்கு ஒரு சோதனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பலகையின் எட்டு வரியையும் படிக்க வேண்டும். ஒன்பது வருடம் ஒரே பலகை தொங்கினால் என்ன ஆகும்? ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டே ஓட்டுநர்கள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்.*

அன்று காலை புதுப் பலகை வந்திருந்தது. பழையதைக் கழற்றி அதே ஆணியில் புதியதை மாட்டினாள். மேலே ஒற்றை 'ப', அது மட்டும் இரண்டிலும் ஒன்று. மீதி எல்லாம் வேறு. முதல் ஆளாக உள்ளே வந்தவர் ஹாரன்.

உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டார். "ப," என்று ஆரம்பித்தவர், "ட, ர... ம, க, வ..." என்று மடமடவென எட்டாவது வரி வரைக்கும் போனார். ஒரு தடுமாற்றம் இல்லை. குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்த டார்ச்சக்கா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒப்பித்தது பழைய பலகையை.

"இப்ப அந்தக் கண்ணுண்ணே" என்றாள்.

கையை மாற்றி இடது கண்ணை மூடினார். வலது கண் நல்ல கண். "ப—" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பலகை மாறியிருப்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு புது எழுத்துகளை மெதுவாக, ஒவ்வொன்றாக, எட்டு வரியும் பிழையில்லாமல் படித்தார். படித்து முடித்தும் கையை இறக்கவில்லை.

"எத்தனை வருஷமாண்ணே?"

"அஞ்சு."

* இது டார்ச்சக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் புதுப் பலகை கேட்டுக் கடிதம் எழுதியது போன வருடம்தான். "என் மேலயும் தப்பு இருக்கு சார்" என்று அவளே சொன்னாள்.

5

"வீட்ல தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இப்ப உனக்குத் தெரியும்."

"இடது பக்கம்தானே படி இருக்கு? ஆளு ஏறி இறங்குறது அங்கதானேண்ணே?"

"தெரியும்மா. முன்னாடி கண்டக்டர் இருந்தாரு, அவரு விசில் அடிச்சா எடுப்பேன். டிக்கெட் மெஷினை வெச்சுட்டு அவரைத் தூக்கிட்டாங்க. அதுலேர்ந்து ஸ்டாப்புக்கு ஸ்டாப் அரை நிமிஷம் சேத்து நிக்கிறேன். ஏறுறவங்க ஏறட்டும், இறங்குறவங்க இறங்கட்டும்னு கழுத்தை முழுசா திருப்பிப் பாத்துட்டுத்தான் எடுக்கிறேன். இதுவரைக்கும் ஒரு கீறல் உண்டா, சொல்லு?"

கிடையாது. ஆனால் டார்ச்சக்காவை உறுத்தியது வேறு. நாலு வருடமாகத் தனக்காக என்று நினைத்துப் பூரித்துப்போயிருந்த அரை நிமிடம் அது. அவளுக்கு அழுகை வந்தது. தனக்காக அழுகிறாளா அவருக்காகவா என்று அவளுக்கே புரியவில்லை.

"என் கண்ணும்மா இது. இங்க பாத்ததை வெளிய சொல்லக் கூடாதுன்னு விதியே இருக்கில்ல?"

"காரணத்தை யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேண்ணே. ஆனா ஃபாரத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. தகுதி, தகுதியில்லை. எதுல டிக் போட? நீங்களே சொல்லுங்க."

"இன்னும் பதினாலே மாசம். நானே மரியாதையா இறங்கிடுறேன். இப்ப இறக்கிவிட்டா கேட்டுல ஸ்டூல் போட்டு உக்கார வெப்பாங்க. வர்ற வண்டி போற வண்டிய எழுதிக்கிட்டு... வேணாம்மா."

"நாப்பது பேரு ஏறுறாங்கண்ணே. உங்களுக்கு ஒரு பக்கம் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியாதே."

"அந்த நாப்பது பேரையும் பத்திரமா கொண்டுபோய் விடுறது யாரு? என்ன மாதிரி பயந்து பயந்து ஓட்டுற இன்னொருத்தனைக் காட்டு, நான் எந்திரிச்சுப் போயிடுறேன்."

அவளால் காட்ட முடியவில்லை. இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் 'தகுதி' என்று டிக் போட்ட கை அது.

(இவரை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு குடிகாரராக மாற்றிப் பார்த்தேன். உங்களுக்கும் எனக்கும் வேலை சுலபமாகிவிட்டது, அதனாலேயே அடித்துவிட்டேன். நல்லவர் என்பதால் கண் தெரிந்துவிடாது, அது வேறு விஷயம்.)

6

கண்ணாடிக் கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பார்களே, அப்படி மூன்று போட்டுக் காட்டுகிறேன்.

முதலாவது. 'தகுதியில்லை' என்று டிக் போடுகிறாள். ஹாரன் கேட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அவள் உள்ளே வரும்போது மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குனிந்துகொள்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவரை இறக்கியதால்தான் ஒன்றும் ஆகவில்லையா, இறக்காவிட்டாலும் ஆகியிருக்காதா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

இரண்டாவது. 'தகுதி' என்று டிக் போடுகிறாள். ஒரு மழை நாளில், ஒரு காலைப் படியில் வைத்து, மறு காலைத் தரையிலிருந்து எடுக்காத ஒரு சிறுமி—

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

மூன்றாவது. 'தகுதி' என்று போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து டார்ச்சக்கா சீட்டில் உட்காராமல் படியருகில் நிற்கிறாள். எல்லாரும் ஏறியதும் "போலாம்ணே" என்கிறாள். வண்டி கிளம்புகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பத்திரிகைக்காரர்களுக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் டெப்போ ஒன்பதாவது நிறுத்தம், அவள் அங்கே இறங்கிவிடுவாள். அந்தத் தடத்தில் மொத்தம் இருபத்தாறு நிறுத்தம்.

7

உண்மையில் என்ன செய்தாள்? கேட்டேன். "அசையாதீங்க சார்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஃபாரம் குடுக்க வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்றாள். அன்று செவ்வாய். புதுக் கண்ணாடி தயாரானதும் வாங்கிவர என் மகளை அனுப்பினேன். வேலை இருந்தது என்று அப்போது சொன்னேன். டார்ச்சக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

இன்னொன்றும் இருக்கிறது. பேச்சுவாக்கில் பேருந்தின் தட எண்ணைச் சொல்லிவிட்டாள். முதல் பிரதியில், மூன்றாம் பகுதியில், அந்த எண் இருந்தது. பிறகு அழித்துவிட்டேன். ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போடக் கூடாது, அவர் கண் அவர் சொந்த விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தப் பேருந்து என் தெருமுனையிலும் நிற்கிறது. பதினான்காவது நிறுத்தம். நான் இப்போது அதில் ஏறுவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை போய் இரண்டு மாதம் ஆகிறது. நேற்றுக் காலை நிறுத்தத்தில் நின்றிருந்தேன். புதுக் கண்ணாடியில் வண்டியின் எண் தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. மேல்மாடிக்காரப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் ஏறினாள். ஏறியவள் திரும்பி, "வரலையா சார்?" என்றாள்.

"அடுத்ததுல வர்றேம்மா" என்றேன்.

எல்லாரும் ஏறியாயிற்று. வண்டி கிளம்பவில்லை. அரை நிமிடம் கூடுதலாக நின்றது. அப்படியென்றால் ஓட்டுவது இன்னும் அவர்தான். கழுத்தை முழுதாகத் திருப்பிப் படியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டே நின்றாள். அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. ஒரு வாக்கியம் சொல்லத் தாராளமாகப் போதும்.

நான் சொல்லவில்லை. வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வாக்கியத்தைத்தான் எழுதிப் பார்க்கிறேன். இத்தனை வருடம் எழுதுகிறவன், இதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நாளைக் காலையும் அந்தப் பெண் அதே நிறுத்தத்துக்குத்தான் வருவாள். அதற்குள் நீங்களாவது முடித்துக்கொடுங்கள்:

"ஏம்மா, அந்த வண்டியில—"