ஆளில்லாமல் ஓடிய கார்

கொட்டாஞ்சேனையில் வெல்டிங் வேலை செய்யும் பாயிஸ், நேர்கோட்டில் பறக்கும் பழைய ட்ரேக் ரேஸ் கார் ஒன்றின் பிளாஸ்டிக் மொடலை ஒட்டிக்கொண்டிருந்தான். வெள்ளவத்தையில் நடக்கப்போகும் மொடல் போட்டியில், அதில் ஒரு பிழையும் இல்லை என்று பேர் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் வைராக்கியம்.

பழைய போட்டோவில், கார் சீறிக் கிளம்பும்போது பின் டயர் பல்லுப்போன கிழவன் கன்னம் மாதிரிச் சுருங்கியிருந்தது. பெட்டியில் வந்த டயரோ விறைத்துக்கொண்டு நின்றது. பாயிஸ் அதை இடியப்பச் சட்டியில் அவித்து, குறட்டால் நெரித்துச் சுருக்கம் விழவைத்தான். இடியப்பத்தில் ரப்பர் வாசம் அடித்ததும் மனைவி உம்மு குல்தூம் விசாரணைக்கு வந்தாள்.

"காத்துப் போயீக்கே."

"இல்ல புள்ள. கார் இழுக்கக்கொள்ள டயர் இப்பிடித்தான் சுருங்கும்."

"அப்ப இது ஓடுதா?"

"ஓம்."

"ஓட்டுறவன் எங்க?"

பாயிஸ் காரைத் திருப்பிப் பார்த்தான். சீட் காலியாகக் கிடந்தது. சின்னப் பிழையைத் திருத்தப்போய்ப் பெரிய பிழையை உண்டாக்கியிருந்தான்.

"ஒரு ஆளச் செஞ்சு வெக்கிறன்."

"கண்ணு மூக்கு வெச்ச உருவமெல்லாம் ஊட்டுக்குள்ள வெக்க ஏலா, மார்க்கத்துல கூடாது."

நல்லவேளை, போட்டோவில் இருந்தவன் முகத்தை முழுக்க மூடியிருந்தான். பாயிஸ் கம்பியில் உடம்பு வளைத்து, உடுப்பு மாட்டி, மேலே ஒரு ஹெல்மட்டை ஒட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"உள்ளுக்குத் தலை ஈக்கா?"

"இல்ல. வெறும் ஹெல்மட்தான், உள்ளுக்கு ஒண்டுமே இல்ல."

"அப்பிடியெண்டா வையுங்க. ஆரும் கேட்டா, அது நீங்கதான் எண்டு செல்லுங்க."