சோற்றைக் குறைத்த பிரியாணி மாஸ்டர்

கலீமுல்லா கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைப்பவர். காஞ்சிபுரத்திலும் சுற்று ஊர்களிலும் அவர் கைப்பக்குவத்துக்குப் பெயர் உண்டு. மனைவி ருக்ஸானாவும் கூடவே வேலைக்குப் போவாள்; பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் தால்ச்சாவும் பிரெட் அல்வாவும் அவள் பொறுப்பு.

மாத்திரை போட்டும் அவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் மச்சான் மெஹதாப் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். சோறு, இட்லி, ரொட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டால் சர்க்கரை தானாக இறங்கும் என்றது அது. கலீமுல்லா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. மறுநாளே எல்லாவற்றையும் விட்டார். முட்டை, கறி, கீரை, அவ்வளவுதான். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார்.

தலை வலித்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது.

"கெட்டதெல்லாம் வெளிய போவுது, அப்டித்தான் இருக்கும்" என்றார். ருக்ஸானாவுக்கு மனசு ஒப்பவில்லை. சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

அந்த வாரமே ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணம். அரிசி முக்கால் பதம் வெந்து, பெரிய தேக்சா அண்டாவை மூடி, ஆவி போகாமல் விளிம்பில் மைதா மாவை ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் கை நடுங்கியது. மாவு நழுவிக் கீழே விழுந்தது. ருக்ஸானா நிமிர்ந்து பார்த்தாள். அடுப்படியில் வியர்ப்பது புதிதில்லை. ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, இன்னா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல... கண்ண இருட்டிக்கினு வருது."

கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அல்வாவுக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கலக்கி நீட்டினாள்.

"சர்க்கரையா? எனக்கா?"

"ரொம்ப இறங்கிப் போச்சு. பேசாம குடிங்க."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்புறம் இரண்டு துண்டு பிரெட்டையும் தின்ன வைத்தாள். அவர் எழப் பார்த்தார்.

"தம்மு?"

"நான் போட்டுக்கிறேன். அந்த நாற்காலிய விட்டு எழுந்தீங்க, பாருங்க!"

அன்று மூடிமேல் கங்கைப் பரப்பித் தம் போட்டது ருக்ஸானாதான். பெண் வீட்டாருக்கு எதுவும் தெரியாது. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் டாக்டர் சத்யப்ரியாவிடம் போனார்கள். டாக்டர் முழுக்கதையையும் கேட்டார்.

"சோத்த குறைச்சது தப்பே இல்ல, பாய். ஆனா இந்த மாத்திரையும் சர்க்கரைய இறக்குது, நீங்களும் இறக்குறீங்க. ரெண்டும் சேந்தா மயக்கம் வராம இன்னா பண்ணும்? முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திரைய குறைச்சிருப்பேனே."

பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுத்து கிட்னியையும் சோதித்தார். மாத்திரையைப் பாதியாக்கினார். வீட்டிலேயே சர்க்கரை பார்க்கிற மெஷின் வாங்கச் சொன்னார். "தண்ணி நல்லா குடிங்க. உங்க பிரஷரு சரியாத்தான் இருக்கு, உப்ப ரொம்ப குறைக்க வேணாம்; தண்ணியும் உப்பும் போனதாலதான் கால இழுக்குது. சோத்த ஒரேயடியா விடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க."

"ருசி பாக்கணுமே, டாக்டரம்மா? அதான் என் தொழிலு."

"ஒரு கரண்டி பாருங்க. ஒரு தட்டு பாக்காதீங்க."

ருக்ஸானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் எல்லாம் அவள் கையில். முதலில் ராத்திரிச் சோறு பாதியானது. அது பழகிய பிறகுதான் காலை இட்லியில் கை வைத்தாள். குறைந்த இட்லிக்குப் பதில் முட்டை வந்தது. மத்தியானம் பீன்ஸ் பொரியலைக் குவித்து ஓரமாகக் கொஞ்சம் சோறு. முதலில் முணுமுணுத்தார். பிறகு அதுவும் நின்றது. மெஷினில் எண் இறங்கி வர வர டாக்டர் மாத்திரையை இன்னும் குறைத்தார். கால் இழுப்பு போன இடம் தெரியவில்லை.

போன மாதம் தென்னேரியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் இருவரும் மண்டபத்துப் பின்பக்கம் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஏரிக்காற்று சில்லென்று அடித்தது. அவர் தட்டில் நாலைந்து கறித் துண்டு, வெள்ளரி, வெங்காயத் தயிர், ஒரு பிடி பிரியாணி. அவள் தட்டில் பிரியாணி நிறைய.

"என் தட்டையே இன்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

"ஒவ்வொரு அரிசியும் தனித்தனியா நிக்குது பாரு. அதத்தான் பாக்குறேன்."

அவள் எலும்போடு ஒரு கறித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் நிதானமாகத் தின்று முடித்து, கை கழுவி, காலித் தேக்சாக்களைத் தானே உருட்டிக்கொண்டு வேனுக்குப் போனார்.